முன்னாடி ஜாக்ல ஹெட்போன் குத்துனா கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குது, பின்னாடி குத்துனா வேலை செய்யுது

நூல்கண்டு (ஈரோடு)
வணக்கம் எல்லாருக்கும். வீட்ல இருக்கிறது அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப், விண்டோஸ் 11. பழைய மதர்போர்டு போயிடுச்சுன்னு போர்டும் ப்ராசசரும் மட்டும் புதுசா மாத்தினோம், கேபினெட் பழசே தான். அதுக்கப்புறம் கேபினெட் முன்னாடி இருக்கிற ஹெட்போன் ஓட்டைல குத்துனா ஒண்ணுமே நடக்கல, சத்தம் ஸ்பீக்கர்லயே வருது, எந்த பாப்அப்பும் வர்றதில்ல. அதே ஹெட்போன பின்னாடி பச்சை ஓட்டைல குத்துனா உடனே "எந்த டிவைஸ் இணைச்சீங்க"ன்னு கேக்குது, சத்தமும் நல்லா வருது. பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு எடுக்குறேன், ஒவ்வொரு தடவையும் மேஜைக்கு அடியில குனிஞ்சு பின்னாடி குத்துறது ரொம்ப சிரமமா இருக்கு. சவுண்ட் செட்டிங்ஸ்ல டிசேபிள் ஆன டிவைஸ் எல்லாம் காட்டச் சொல்லியும் பாத்தாச்சு, முன்னாடி ஜாக்குன்னு தனியா எதுவும் இல்ல.

வேகநடை
ட்ரைவர அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் குடுங்க, சரியாயிடும். இல்லன்னா ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி குத்திடுங்க, வேலை முடிஞ்சுது.

ஈயக்கம்பி (மதுரை)
ட்ரைவர இப்போதைக்கு தொடாதீங்க டீச்சர். பின்னாடி ஜாக் வேலை செய்யுதுன்னா சவுண்ட் சிப்பும் உயிரோட இருக்கு, ட்ரைவரும் உயிரோட இருக்கு, அந்த ரெண்டையும் சந்தேகப்பட காரணமே இல்ல.

முதல்ல இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மீதி தானா வந்துடும். யூஎஸ்பில குத்துற சாமான் நான் இன்னாருன்னு தானே சொல்லும். 3.5 எம்எம் ப்ளக்குக்கு அந்த வாயே கிடையாது. ஜாக்குக்குள்ள ஒரு குட்டி தகடு இருக்கு, ப்ளக் உள்ள போனா அது நகர்ந்து ஒரு சுவிட்ச தட்டும், ஃப்ரிட்ஜ் கதவுல லைட்டுக்கு இருக்கிற சுவிட்ச் மாதிரி தான். அந்த சுவிட்ச் தட்டுப்பட்டா தான் கம்ப்யூட்டருக்கு "ஏதோ குத்தியிருக்காங்க"ன்னு தெரியும். ஹெட்போனே இல்லாம வெறும் ப்ளக்க வெட்டி எடுத்து குத்துனாலும் பாப்அப் வரும், நல்ல ஹெட்போன குத்தி அந்த சுவிட்ச் தகவல் சிப்புக்கு போகலன்னா ஒண்ணும் வராது. உங்க கேஸ் ரெண்டாவது.

சரி அந்த தகவல் எப்படி போகுது? 2004ல இன்டெல் கொண்டு வந்த ஹெச்டி ஆடியோ முறைல ஒவ்வொரு ஜாக் சுவிட்சோடயும் ஒரு ரெசிஸ்டர் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வேற மதிப்பு, 39.2 கிலோஓம், 20, 10, 5.1ன்னு. நாலு ஜாக்கும் ஒரே ஒரு சென்ஸ் லைன்ல, அதாவது தகவல் சொல்லுற ஒயர்ல, இணையா சேர்ந்து சிப்புக்கு போகுது, மொத்தத்துல எவ்வளவு வருதுன்னு பாத்து எந்தெந்த ஓட்டைல ப்ளக் இருக்குன்னு சிப் கண்டுபிடிச்சுக்கும். நாலு ஜாக்குக்கு நாலு ஒயர் இழுக்காம ஒத்த ஒயர்ல முடிச்சுட்டாங்க. எனக்கு இந்த வேலைல ரொம்பப் பிடிச்ச டிசைன் இது.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி கரண்ட் ஒயரையும் புடுங்கிட்டு சைடு தகட்ட கழட்டுங்க. முன்னாடி ஜாக்ல இருந்து வர்ற ஒயர் போர்டோட கீழ்மூலைல ஒரு சின்ன தலைல, அதாவது பின் கனெக்டர்ல, போய் குத்தியிருக்கும். அந்த ஒயர் முனைல என்ன எழுதியிருக்குன்னு பாத்து சொல்லுங்க. பழைய கேபினெட்டுன்னு சொன்னதால தான் கேக்குறேன்.

நூல்கண்டு
அண்ணா, அந்த ரெசிஸ்டர் மதிப்ப படிச்சதும் பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன். இணைப்பு இணையா இருந்தா தலைகீழி தான கூட்டணும், 39.2க்கு 25.5 வருது, 20க்கு 50, 10க்கு 100, 5.1க்கு 196, மைக்ரோ சீமென்ஸ்ல, அதாவது அந்த தலைகீழியோட அலகுல. ஒவ்வொண்ணும் முன்னத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! 1, 2, 4, 8 மாதிரி. அதனால எந்த ரெண்ட சேத்தாலும் மூணச் சேத்தாலும் வேற ஒரு சேர்க்கையோட மோதாது, 16 நிலையும் தனித்தனி எண். பசங்களுக்கு இரட்டை எண்முறை நடத்தும்போது இத அப்படியே போர்டுல போடப்போறேன், அவங்க கைல இருக்கிற சாமான்லயே இது ஓடுதுன்னு தெரிஞ்சா எவ்ளோ சந்தோஷப்படுவாங்க.

சைடு கழட்டி பாத்தாச்சு. ஒயர் ஒண்ணு தான் ஆனா முனைல ரெண்டு தலை இருக்கு, ஒண்ணுல ஹெச்டி ஆடியோன்னும் இன்னொண்ணுல ஏசி97ன்னும் எழுதியிருக்கு. போர்டுல குத்தியிருக்கிறது ஏசி97. ஹெச்டி தலை சும்மா தொங்குது.

ஈயக்கம்பி (மதுரை)
அப்படிப் போடுங்க, 1, 2, 4, 8 அதே தான். ரெசிஸ்டர் 1 சதவீத துல்லியத்துல போடுறதும் அதுக்குத்தான், பக்கத்து பக்கத்து சேர்க்கைக்கு நடுவுல இடைவெளி கம்மியாயிட்டா சிப் தப்பா படிச்சுடும்.

நோயும் கிடைச்சிடுச்சு. ஏசி97ங்கிறது 1997ல வந்த பழைய முறை. தலை பாக்க ஒரே மாதிரி இருக்கும், பத்து பின் இடத்துல எட்டாவது மட்டும் இருக்காது, ரெண்டும் அழகா உக்காந்துக்கும், அதனால தான் இவ்ளோ பேர் இதுல மாட்டுறாங்க. ஆனா உள்ள ஓடுற கதை வேற. பழைய முறைல சத்தம் போர்டுல இருந்து முன்னாடி ஜாக்குக்கு போய், அங்க எதுவும் குத்தலன்னா 6வது, 10வது பின் வழியா திரும்பி வந்து பின்னாடி ஸ்பீக்கருக்கு போகும். ஹெட்போன் குத்துனா அந்த திரும்புற பாதை அங்கேயே அறுந்துடும், ஸ்பீக்கர் நின்னுடும். யாரும் யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியதே இல்ல. ஹெச்டில அதே 6ம் 10ம் சென்ஸ் திரும்புற ஒயர், 7ல இருந்து கிளம்பி, ப்ளக் உள்ள போனா சுவிட்ச் மூடி, மைக்குக்கு 6 வழியாவும் ஹெட்போனுக்கு 10 வழியாவும் திரும்பும். ஏசி97 தலைல 7ல இருந்து இந்த சுவிட்சுக்கு போற பாதையே கிடையாது. அப்புறம் சிப்புக்கு எப்படித் தெரியும் பாவம்.

அந்த தலைய மெதுவா நேரா மேல இழுத்து எடுங்க, ஆட்டி ஆட்டி எடுத்தா பின் வளைஞ்சுடும். ஹெச்டி தலைய அதே இடத்துல, அடைச்சிருக்கிற ஓட்டையும் இல்லாத பின்னும் நேருக்கு நேர் வர்ற மாதிரி வைங்க. ஆன் பண்ணின உடனே பயாஸ்க்குள்ள, அதாவது விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்க்குள்ள, போய் ஃப்ரண்ட் பேனல் டைப்புன்னு ஒண்ணு இருந்தா அது ஹெச்டில இருக்கான்னு பாருங்க. எல்லா போர்டுலயும் அந்த ஆப்ஷன் இருக்காது, இல்லன்னா விட்டுடுங்க.

வேகநடை தம்பி சொன்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டும் வேலை செய்யும் தான், அது தனக்குன்னு சொந்த சிப்போட வருது, போர்டுல இருக்கிற எதையும் நம்பி இல்ல. ஆனா வீட்டுக்குள்ளயே சரியான ஒயர் தொங்கிட்டு இருக்கும்போது காசு எதுக்கு.

பனைநிழல் (யாழ்ப்பாணம்)
இடையில வாறதுக்கு குறை நினைக்காதேங்கோ அண்ணை, நீங்கள் சொல்லுறத வாசிச்சுப் போட்டுத்தான் கேக்கிறன். என்ர லப்டொப்பில ஒரே ஒரு ஓட்டை தான், ஹெட்போனும் மைக்கும் சேந்தது. விண்டோஸில எல்லாம் நல்லா வேலை செய்யுது. பக்கத்தில உபுண்டு எண்ட லினக்ஸும் போட்டு வச்சிருக்கிறன், அதுக்குள்ள போனா ஹெட்போனில சத்தம் வருது ஆனா ஹெட்செட்டின்ர மைக்க காணவே இல்லை, லப்டொப்பின்ர மைக் மட்டும் தான் காட்டுது. சில நேரம் சத்தமும் வாறேல்லை. ஜாக்கில பிழை எண்டா விண்டோஸிலயும் வேலை செய்யக்கூடாது தானே?

கட்டளைவரி (திருச்சி)
பனைநிழல், சரியா யோசிச்சிருக்கீங்க, ஜாக் நல்லா தான் இருக்கு. உங்களோடது ரெண்டு தனி பிரச்சனைன்னு நினைக்கிறேன்.

"சில நேரம் சத்தம் வரல"ங்கிறத முதல்ல எடுப்போம். அது எந்த நேரம்னு கவனிங்க. விண்டோஸ்ல இருந்து ரீஸ்டார்ட் குடுத்து நேரா உபுண்டுக்கு வந்தா தான் அப்படி ஆகுதா? ரீஸ்டார்ட்ல சிப்புக்கு வர்ற கரண்ட் நிக்கிறதில்ல, விண்டோஸ் ட்ரைவர் அதுக்குள்ள எழுதி வச்ச செட்டிங் அப்படியே நிக்கும், லினக்ஸ் ட்ரைவர் அந்த நிலைய எதிர்பாக்கிறதில்ல. முழுசா ஷட்டவுன் பண்ணி, சார்ஜர கழட்டி, பவர் பட்டன ஒரு அரை நிமிஷம் அமுக்கிப் பிடிச்சுட்டு, அப்புறம் நேரா உபுண்டுல ஏறுங்க. அதுக்கப்புறம் சத்தம் ஒழுங்கா வந்தா காரணம் அதான்.

மைக்குக்கு, ஒத்த ஓட்டை வச்ச லேப்டாப்ல சுவிட்ச் மட்டும் பத்தாது. ப்ளக்ல மைக் இருக்கா இல்லையான்னு சிப் தானே அளந்து பாக்கணும். மைக் இல்லாத மூணு பட்டை ப்ளக்குன்னா மைக் இருக்க வேண்டிய இடம் நேரா கிரவுண்டோட ஒட்டிடும், மைக் இருந்தா அங்க ஒரு ரெசிஸ்டன்ஸ் தெரியும். சில லேப்டாப்ல சிப்பால இத உறுதியா சொல்ல முடியாது, அப்ப தான் குத்தின உடனே "ஹெட்போனா, ஹெட்செட்டா, மைக்கா"ன்னு கேக்குற பெட்டி வரும். நிறைய பேர் அவசரத்துல அத மூடிட்டு அப்புறம் மைக் வரலன்னு தேடுறாங்க, உங்களுக்கு அது வருதா பாருங்க.

வரலன்னா டெர்மினல்ல அல்சாமிக்சர்ங்கிற சவுண்ட் கருவிய திறந்து, எஃப்6 அமுக்கி சரியான கார்ட தேர்ந்தெடுத்து, எஃப்4ல ஹெட்செட் மைக்னு ஏதாவது இருக்கான்னு பாத்து சொல்லுங்க. சிப் பேரும் வேணும், மேல வலது பக்கமோ இடது பக்கமோ ரியல்டெக் ஏஎல்சின்னு ஒரு நம்பரோட இருக்கும்.

நூல்கண்டு
அண்ணா வந்துடுச்சு!! ஹெச்டி தலைய மாத்திட்டு ஆன் பண்ணி முன்னாடி குத்தின உடனே பாப்அப், சத்தம் ஹெட்போன்ல, ஸ்பீக்கர் தானா நின்னுடுச்சு. பயாஸ்ல அந்த ஆப்ஷனும் இருந்துச்சு, ஏற்கனவே ஹெச்டில தான் இருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு. நான் பேசறது பசங்களுக்கு கேக்கல. போன் ஹெட்செட் தான், ப்ளக்ல மூணு கறுப்பு கோடு இருக்கு. முன்னாடி ரெண்டு ஓட்டை, ஒண்ணுல ஹெட்போன் படம் ஒண்ணுல மைக் படம். மைக் ஓட்டைல மாத்தி குத்துனா நான் பேசறதும் போகல, எனக்கும் கேக்கல. இன்னொண்ணு, ஸ்பீக்கர்ல ஒரு வீடியோ ஓடிட்டே இருக்க, கிளாஸ் மட்டும் ஹெட்போன்ல கேக்குற மாதிரி பண்ண முடியுமா? பையன் அதே ரூம்ல தான் படிக்கிறான்.

ஈயக்கம்பி (மதுரை)
ரொம்ப சந்தோஷம் டீச்சர்.

மூணு கறுப்பு கோடுன்னா நாலு பட்டை. நுனில இருந்து இடது காது, வலது காது, கிரவுண்டு, கடைசியா ஒயர் பக்கம் மைக். உங்க கேபினெட் ஓட்டைங்க மூணு பட்டைக்கு செஞ்சது, ஹெட்போன் ஓட்டைல நாலாவது பட்டை போய் கிரவுண்டோட ஒட்டிக்கும், அதான் சத்தம் வருது மைக் வராது. இதுக்கு செட்டிங்ஸ்ல எவ்ளோ தேடுனாலும் மருந்து கிடையாது, ஒயர் தான் வழி. ஒரு பக்கம் நாலு பட்டை குத்துற பெண் ஜாக்கும், இன்னொரு பக்கம் ஹெட்போனுக்கு ஒண்ணு மைக்குக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஆண் ப்ளக்கும் இருக்கிற ஒய் ஸ்ப்ளிட்டர் கேளுங்க. கடைல ஒரே மாதிரி பாக்கெட்ல ரெண்டு ஹெட்போன் ஒரே நேரத்துல கேக்குற ஸ்ப்ளிட்டரும் தொங்கும், அத வாங்கிடாதீங்க. ரெண்டு ஆண் ப்ளக்லயும் தனித்தனியா மைக் படமும் ஹெட்போன் படமும் போட்டிருக்கணும், பெண் ஜாக் ஒண்ணே ஒண்ணு தான் இருக்கணும். அதே மாதிரி எக்ஸ்டென்ஷன் ஒயர் நடுவுல போட்டா அதுவும் நாலு பட்டையா இருக்கணும், மூணு பட்டை ஒயர் மைக்க அங்கேயே முழுங்கிடும்.

ரெண்டாவது கேள்வி, ரியல்டெக் ஆடியோ கன்சோல் ஆப்ல டிவைஸ் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போங்க. முன்னாடியும் பின்னாடியும் ஒரே நேரத்துல வேற வேற சத்தம் ஓட்டுறதுக்கு ஒரு தேர்வு இருக்கும், அத போட்டீங்கன்னா விண்டோஸ்ல ஸ்பீக்கர் தனி டிவைஸ், ஹெட்போன் தனி டிவைஸ்னு ரெண்டா தெரியும். கிளாஸ் எடுக்குற ஆப்புக்குள்ள போய் ஹெட்போன தேர்ந்தெடுத்துட்டா போதும். அதே பக்கத்துல முன்பக்க ஜாக் கண்டுபிடிப்ப அணைக்கிற தேர்வும் இருக்கலாம், உங்களுக்கு இப்ப அது தேவையில்ல. கேபினெட்ல ஹெச்டி தலையே இல்லாம ஏசி97 மட்டும் இருக்கிறவங்களுக்கு அது தான் கைகொடுக்கும், சென்ஸ் வந்தாலும் வராட்டியும் முன்னாடி ஏதோ குத்தியிருக்குன்னே வச்சுக்கோன்னு ட்ரைவர்ட்ட சொல்லிடும்.

மழைக்காலம்
நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். அலமாரில இருந்த பழைய போன் ஹெட்செட் ஒண்ண லேப்டாப்ல குத்துனேன், கண்டுபிடிக்குது, பாட்டும் ஓடுது, ஆனா பாடுறவங்க குரல் மட்டும் காணோம்! வயலின், கோரஸ் எல்லாம் எங்கயோ தூரத்துல கேக்குது. ஹெட்செட் போயிடுச்சுன்னு தூக்கிப் போடவா?

ஈயக்கம்பி (மதுரை)
தூக்கிப் போடாதீங்க. ஹெட்செட்ல போன் அழைப்ப எடுக்குற பட்டன அமுக்கிப் பிடிச்சுட்டு பாட்ட கேளுங்க, குரல் திரும்ப வருதா? வந்தா அது ஓஎம்டிபி ஹெட்செட். பழைய நோக்கியா போன்களோட வந்ததுல இந்த வகை நிறைய. அதுல கடைசி ரெண்டு பட்டை இடம் மாறி இருக்கும், மைக் முன்னாடி, கிரவுண்டு பின்னாடி. இப்ப வர்ற லேப்டாப், போன் எல்லாம் சிடிஐஏ முறை. கிரவுண்டு சரியா சேராததால ரெண்டு காதும் தொடரா இணைஞ்சு இடதுக்கும் வலதுக்கும் இருக்கிற வித்தியாசம் மட்டும் கேக்குது. ரெக்கார்டிங்ல குரல நடுவுல வைக்கிறாங்க, அதாவது ரெண்டு பக்கமும் ஒரே அளவு, கழிச்சா சுழியம். பட்டன் மைக்க கிரவுண்டோட ஒட்டுறதால அமுக்கினா எல்லாம் சரியாகுது. ஓஎம்டிபில இருந்து சிடிஐஏக்கு மாத்துற சின்ன ஒயர் கிடைக்கும். ஆனா அதுக்கு முன்னாடி ப்ளக் முழுசா உள்ள போயிருக்கான்னு பாருங்க, பாதி போனாலும் இதே மாதிரி தான் கேக்கும். ஓட்டைக்குள்ள துணி நூல், தூசி அடைச்சிருந்தா கடைசி ஒரு எம்எம் போகாது. லேப்டாப்ப ஆஃப் பண்ணிட்டு மரக்குச்சியால மெல்ல எடுங்க, ஊசி விடாதீங்க, அந்த தகடு வளைஞ்சா அப்புறம் ஹெட்போன கழட்டினாலும் குத்தியே இருக்குன்னு நினைச்சு ஸ்பீக்கர் ஊமையாயிடும்.

மழைக்காலம்
பட்டன் அமுக்கினதும் குரல் வந்துடுச்சு. நன்றிங்க, அந்த ஒயர தேடி வாங்கிக்கறேன்.

சின்னமலை
ப்ளூடூத்துக்கும் இங்கயே கேக்கலாமா? விண்டோஸ் 10ல என் ஹெட்போன் ரெண்டு பேர்ல காட்டுது, ஸ்டீரியோன்னு ஒண்ணு ஹேண்ட்ஸ்ஃப்ரீன்னு ஒண்ணு. மீட்டிங் சேந்த உடனே சத்தம் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிடுது.

கட்டளைவரி (திருச்சி)
கெட்டுப்போகல, ப்ளூடூத்தோட அமைப்பே அப்படி. ஸ்டீரியோங்கிறது ஏ2டிபி, நல்ல தரம் ஆனா ஒருவழிப் பாதை. மைக் வேணும்னா ஹேண்ட்ஸ்ஃப்ரீங்கிற ஹெச்எஃப்பிக்கு மாறணும், அதுல ஒத்த சேனல், 8 கிலோஹெர்ட்ஸ் இல்லன்னா 16 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங் தான். மீட்டிங் ஆப்ல மைக்க லேப்டாப்போட மைக்குன்னும் ஸ்பீக்கர ஹெட்போன் ஸ்டீரியோன்னும் தனித்தனியா தேர்ந்தெடுங்க, ஹெட்போன் ஏ2டிபிலயே நிக்கும்.

பனைநிழல் (யாழ்ப்பாணம்)
கட்டளைவரி அண்ணை, நீங்கள் சொன்னது சரி. விண்டோஸில இருந்து ரீஸ்டார்ட் பண்ணி வந்தா தான் சத்தம் இல்லை, முழுசா நிப்பாட்டிப் போட்டு ஏறினா ஒவ்வொரு முறையும் வருது. மைக் தான் இன்னும் இல்லை. கேக்கிற பெட்டி ஒண்டும் வாறேல்லை. அல்சாமிக்சரில இன்டர்னல் மைக் மட்டும் தான் கிடக்குது, சிப் ஏஎல்சி256.

கட்டளைவரி (திருச்சி)
அப்ப காரணம் இது தான். சிப்போட ஒவ்வொரு கால்லயும், அதாவது பின்லயும், என்ன இணைஞ்சிருக்குன்னு பயாஸ் ஒரு பட்டியல் எழுதி வைக்கும், லினக்ஸ் ட்ரைவர் அத படிச்சு தான் ஜாக்குகள உருவாக்குது. ஹெட்செட் மைக் கால "எதுவும் இணைக்கல"ன்னு அந்த பட்டியல்ல விட்டுட்டா லினக்ஸுக்கு அப்படி ஒரு மைக் இருக்கிறதே தெரியாது. விண்டோஸ் ட்ரைவர் அந்த மாடலுக்குன்னே தனி கோப்போட வர்றதால அங்க வேலை செய்யுது. நீங்க முதல்ல கேட்ட கேள்விக்கு பதிலும் இதான்.

அல்சா டூல்ஸ் ஜியூஐங்கிற பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணுங்க, அதுல ஹெச்டிஏ ஜாக் ரீடாஸ்க்னு ஒரு கருவி வரும். அத திறந்து, இணைக்காத கால்களையும் காட்டச் சொல்லுற பெட்டிய டிக் பண்ணுங்க. 0எக்ஸ்19 கால பாருங்க, இந்த சிப் இருக்கிற பல லேப்டாப்ல ஹெட்செட் மைக் அங்க தான் வரும். ஓவர்ரைடு போட்டு மைக்ரோஃபோன்னு மாத்தி, அட்வான்ஸ்டுல ஜாக் கண்டுபிடிப்பு இல்லைன்னு வச்சு, அப்ளை நௌ அமுக்குங்க. இது தற்காலிகம் தான், ரீஸ்டார்ட் ஆனா போயிடும், அதனால பயப்படாம செஞ்சு பாக்கலாம். அப்ளை ஆகலன்னா சத்தம் ஓட்டுற ஆப் எல்லாத்தையும் மூடிட்டு மறுபடி அமுக்குங்க.

பனைநிழல் (யாழ்ப்பாணம்)
0எக்ஸ்19 தான் அண்ணை! மாத்தின உடன மைக் வந்திட்டுது, பதிவு செய்தும் பாத்தன், குரல் தெளிவாக் கேக்குது. ஆனா ஹெட்செட்ட கழட்டினாலும் அந்த மைக் பட்டியலில நிக்குது, லப்டொப் மைக்குக்கு தானா மாறுதில்லை.

கட்டளைவரி (திருச்சி)
கண்டுபிடிப்ப அணைச்சு வச்சதால அப்படித்தான் நிக்கும், மைக்க கையால மாத்திக்கணும். தானா மாறணும்னா 0எக்ஸ்19க்கு அட்வான்ஸ்டுல கண்டுபிடிப்ப மறுபடி போட்டு ஒருக்கா முயற்சி பண்ணுங்க, சில லேப்டாப்ல அதுவும் பிடிச்சுக்கும். எது ஒத்து வருதோ அத வச்சு இன்ஸ்டால் பூட் ஓவர்ரைடு அமுக்குங்க, அப்புறம் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் தானா வந்துடும். வேண்டாம்னா ரிமூவ் பூட் ஓவர்ரைடு, பழைய நிலைக்கே போயிடும். லினக்ஸோட மையப் பகுதியான கர்னலுக்கு அப்டேட் வரும்போது உங்க லேப்டாப் மாடலுக்கான திருத்தம் ட்ரைவர்லயே சேந்துட வாய்ப்பு இருக்கு, அதனால பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் ஒரு தடவ இத எடுத்துட்டு மைக் தானா வருதான்னு பாருங்க.

நூல்கண்டு
ஸ்ப்ளிட்டர் வந்துடுச்சு, பசங்களுக்கு நான் பேசறது கேக்குது, பையன் ஸ்பீக்கர்ல தனியா வீடியோ பாக்குறான். ஈயக்கம்பி அண்ணா, கடைசியா ஒண்ணு, ஸ்ப்ளிட்டர எப்பவும் முன்னாடியே குத்தி வச்சிட்டு ஹெட்செட்ட மட்டும் கழட்டி மாட்டலாமா?

ஈயக்கம்பி (மதுரை)
தாராளமா டீச்சர், ஜாக்குக்கு தேய்மானமும் கம்மி. ஆனா சுவிட்ச தட்டுறது ஸ்ப்ளிட்டரோட ப்ளக், அதனால ஹெட்செட்ட கழட்டினாலும் கம்ப்யூட்டர் ஹெட்போன் இருக்குன்னு தான் நினைச்சுட்டு இருக்கும். ரெண்டு சத்தமும் தனித்தனியா பிரிச்சு வச்சிருக்கிறதால உங்களுக்கு ஸ்பீக்கர் நிக்காது, டீஃபால்ட் டிவைஸ் மட்டும் ஸ்பீக்கர்ல இருக்கான்னு பாத்துக்கோங்க.